கடைசிக் கடை

“டீச்சர், ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நோய் தொத்துமுங்களா?”

கேட்டவர் சென்னியப்பன். வயது ஐம்பத்தாறு. கோபிசெட்டிபாளையத்தில் இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, வண்டியில் கடை கடையாக அனுப்புகிறவர்.

டீச்சர் ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தெட்டு. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய வகுப்பு நடக்கும். வியாபாரிகள் தங்கள் கடை விவரங்களை ஏஐயிடம் கொடுத்து எப்படிக் கேள்வி கேட்பது என்பதுதான் பாடம்.

வகுப்பில் ஒன்பது பேர். யாருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது.

டீச்சருக்கும் பெரிதாகத் தெரியாது. புரோகிராம் என்று ஒரு வரி எழுதியதில்லை. பதினொரு வருடம் வீடு வீடாகப் போய் சர்வே எடுத்தவர். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் மாமியார் ஒரு எண்ணும் மருமகள் ஒரு எண்ணும் சொல்வதைக் கேட்டு, கட்டத்தில் ஏதோ ஒன்றை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனவர்.

சேர வந்த அன்று சென்னியப்பன் தயங்கினார். “கம்ப்யூட்டர் தெரியாதவன் இதைக் கத்துக்க முடியுமுங்களா?”

“எழுதப் படிக்கத் தெரியுமா?”

“அது தெரியுமுங்க.”

“உக்காருங்க.”

அது தை மாதம். இப்போது சித்திரை.

“என்ன நோய்?” என்று கேட்டார் டீச்சர்.

“ரிட்டன் நோய்ங்க.”

விற்காமல் நின்றுபோன பாக்கெட்டை மறுநாள் வண்டி திரும்ப எடுத்துக்கொள்ளும். மாவு வியாபாரத்தில் அதற்குப் பெயர் ரிட்டன். அத்தனையும் மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும்.

கோபியில் கிளம்பி சத்தியமங்கலம் வழியாகப் பண்ணாரி வரைக்கும் சென்னியப்பனுக்கு ஒரு லைன். பதினான்கு கடை. தை மாதம் வண்டிக்காரர் எழுதிய கணக்குத் தாள்களை போட்டோ எடுத்து ஏஐயிடம் கொடுத்து, எந்தக் கடையில் ரிட்டன் அதிகம் என்று கேட்டார். பண்ணாரி ரங்கநாயகி கடை என்றது. அந்தக் கடையை நிறுத்தினார்.

மாசியில் கேட்டார். ராஜன் நகர் கபூர் பாய் கடை என்றது. நிறுத்தினார்.

பங்குனியில் தேவராஜ் கடை.

“ரங்கநாயகிய நிறுத்தினா கபூர் பாய் கெட்டாரு. கபூர் பாய நிறுத்தினா தேவராஜ் கெட்டான். இப்ப சத்தி ஆஸ்பத்திரி ரோட்டு மயிலாத்தாங்கறது. எல்லாம் இத்தன வருஷமா நல்லா இருந்த கடைங்க. மூணு கடைய நிறுத்தியும் மொத்த ரிட்டன் அசையவே இல்லீங்க.”

“இப்புடியே போனா லைனு உங்க வீட்டு வாசல்லயே முடிஞ்சிரும்” என்றார் தங்கமுத்து. சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். யாரைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் இருக்க மாட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

“மயிலாத்தா கடையில பாதி வியாபாரம் நம்ம மாவுதானுங்க. மாவு வாங்க வர்றவங்கதான் பருப்பும் எண்ணெயும் வாங்கறது. நான் நிறுத்தினா அந்தம்மா கடையப் பூட்ட வேண்டியதுதான். நாளைக்குச் சொல்லிடலாம்னு இருக்கறேன். மனசு ஒப்பலை. அதான் உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“அது என்ன சொல்லிச்சு? படிங்க.”

சென்னியப்பன் போனை எடுத்துப் படித்தார். “ரிட்டன் அதிகமுள்ள கடை, மயிலாத்தா ஸ்டோர்.” போனைக் கீழே வைத்தார்.

“முழுக்கப் படிங்க.”

“அவ்வளவுதானுங்க விஷயம்.”

“முழுக்க.”

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். எழுத்துக்கூட்டுகிற மாதிரி படித்தார். பதில் மரியாதையாக இருந்தது. நீளமாகவும் இருந்தது. நடுவில் ஓர் அட்டவணை. அதற்கும் கீழே இது இருந்தது.

“கவனிக்கவும். இந்தக் கடைக்குத் தினமும் சராசரியாக இருபத்தைந்து பாக்கெட் இறக்கப்படுகிறது. தினமும் சராசரியாக நாற்பத்தாறு பாக்கெட் திரும்பி வந்ததாகப் பதிவாகியுள்ளது. இறக்கியதைவிடத் திரும்பியது அதிகமாக இருக்க முடியாது. முடிவெடுக்கும் முன், இந்தப் பதிவு எப்படி எழுதப்படுகிறது என்று சரிபார்ப்பது நல்லது.”

டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

“போன மாசம்?”

விரலால் தள்ளித் தள்ளி மேலே போனார். தேவராஜ் கடைக்குக் கீழேயும் அதே குறிப்பு. கபூர் பாய்க்குக் கீழேயும். ரங்கநாயகிக்குக் கீழேயும்.

“படிக்கலையா?”

“பதில்தான் மேலயே வந்திருச்சுங்களே. கீழ வேற எதுக்குன்னு…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. எண்கள் இப்போதுதான் உள்ளே இறங்கியிருந்தன.

“இருபத்தஞ்சு வாங்கி நாப்பத்தாறு திருப்பறாளா?”

சென்னியப்பன் எழுந்து நின்றார்.

“ஊர்ல இருக்கற புளிச்ச பாக்கெட்டயெல்லாம் பொறுக்கி எடுத்து என்ற வண்டியில ஏத்தறா! மூணு பேரும் இதைத்தான் பண்ணியிருக்காங்க! நான் போயி பாவம் பாத்துட்டு இருக்கறேன்!”

“போலீசுல சொல்லுங்க” என்றார் தங்கமுத்து.

டீச்சர் கையை நீட்டினார். சென்னியப்பன் போனைக் கொடுத்தார். டீச்சர் அதை மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

“நாளைக்கு வண்டியில போங்க. சாயங்காலம் வந்து இதை வாங்கிக்கங்க.”

“போன் இல்லாமயா?”

“பேசாம உக்காந்து போயிட்டு வாங்க.”

“கையும் களவுமா பிடிக்கணுங்கறீங்க.”

டீச்சர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “அடுத்து யாரு?” என்றார்.

திங்கட்கிழமை விடிகாலை நாலரைக்கு வண்டி கிளம்பியது. ஓட்டுவது மாதேஷ். ஒன்பது வருடமாக அவர்தான் ஓட்டுகிறார்.

“என்னங்க மொதலாளி, நீங்களும் வாரீங்க?”

“சும்மா.”

முதலில் நின்றது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கடையில். அது சென்னியப்பனின் சொந்தக் கடை. மாவு மட்டும் விற்பதற்காக வைத்தது. அங்கே எண்பது பாக்கெட் இறங்கியது. எந்த நாளும் எண்பதுதான். பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்குக் கடை நிறைந்து தெரிய வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு.

மாதேஷ் நேற்றைய பாக்கெட்டுகளை நீலப் பிளாஸ்டிக் கிரேட் நிறைய எடுத்து வண்டியில் ஏற்றினார்.

சென்னியப்பன் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பல்பு எரியவில்லை. அதை மாற்றச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்த கடையில் இரண்டு பாக்கெட் திரும்பியது. அதற்கடுத்த கடையில் ஒன்றும் இல்லை. இன்னொன்றில் மூன்று. வண்டி நின்ற இடத்திலெல்லாம் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மாதேஷ் ஓடிப்போய் இறக்கி, ஓடிவந்து ஏற்றி, வண்டியை எடுத்தார்.

சென்னியப்பன் எதையும் பார்க்கவில்லை. மயிலாத்தாவிடம் என்ன பேசுவது என்று மூன்று விதமாகத் தயார் செய்துகொண்டிருந்தார். மூன்றாவதில் போலீஸ் வந்தது.

ஆறே முக்காலுக்கு ஆஸ்பத்திரி ரோடு.

“அட, மொதலாளியே வந்திருக்காங்க!” என்றாள் மயிலாத்தா. “காப்பி வெக்கட்டுங்களா?”

“ரிட்டன் எடுங்க.”

அவள் இரண்டு பாக்கெட்டை எடுத்து வைத்தாள்.

“மிச்சம்?”

“எந்த மிச்சமுங்க?”

“எல்லாத்தையும் கொண்டாங்க.”

“ரெண்டுதானுங்க. நேத்து சாயங்காலம் மழை ஊத்திருச்சு. இல்லாட்டி இதுவும் நின்னிருக்காது.”

சென்னியப்பன் கடைக்குள் போனார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சாக்கு மூட்டையை நகர்த்திப் பார்த்தார்.

மயிலாத்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “உள்ரூம்புல கட்டிலுக்கு அடியிலயும் பாத்துருங்க. பூனை குட்டி போட்டிருக்குது, பிறாண்டிரும்.”

அவர் வெளியே வந்தார்.

வாசல் பெஞ்சில் மாதேஷ் உட்கார்ந்திருந்தார். ரிட்டன் கிரேட்டுகளை எல்லாம் இறக்கி வரிசையாக வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளில் கடைசிப் பெயருக்கு நேராக எழுதினார்.

மயிலாத்தா ஸ்டோர். இறக்கியது இருபத்தைந்து. ரிட்டன் நாற்பத்தொன்பது.

“என்ன மாதேசு இது?”

“ரிட்டனுங்க.”

“அந்தம்மா குடுத்தது ரெண்டு.”

“ஆமாங்க. வண்டியில மொத்தம் நாப்பத்தொம்போது. எண்ணிப் பாருங்க, ஒண்ணு குறையாது.”

“அதை எதுக்கு அவங்க பேருக்கு நேரா எழுதறே?”

“கடைசிக் கடையில வந்துதானுங்க எண்ண முடியும்? வழியில நின்னா பஸ்காரன் உயிரை எடுக்கறான். எங்க உக்காந்து எண்ணறனோ அந்தக் கடைக்கு நேரா போட்டுடறதுங்க. மொத்தம் சரியா இருக்குதல்லங்க?”

“எப்ப இருந்து இப்புடி?”

“வேலைக்கு வந்ததுல இருந்துங்க. மொதல்ல ரங்கநாயகி அக்கா கடையில எண்ணுவனுங்க. அங்க நெழல் நல்லா இருக்கும். அதை நிறுத்திட்டீங்க. பொறவு கபூர் பாய் கடை. அதையும் நிறுத்திட்டீங்க. தேவராஜண்ணன் கடையில ஸ்டூல் போட்டுக் குடுப்பாங்க, அதையும்…”

மாதேஷ் நிறுத்திக்கொண்டார். முதலாளியின் முகம் பார்க்கிற மாதிரி இல்லை.

“ஏன்டா இதைச் சொல்லவே இல்லை?”

“மொத்தம் எத்தனைன்னுதானுங்க தினமும் கேப்பீங்க. கடைவாரியா எந்தக் கடையில எத்தனைன்னு என்னிக்குங்க கேட்டீங்க?”

மயிலாத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று கடை ஏன் நின்றது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இவர் ஏன் வந்தார் என்பதும் புரிந்துவிட்டது.

“அப்ப நாளைக்கு எந்தக் கடையில உக்காந்து எண்ணுவே, மாதேசு?” என்றாள். “பாவம், அவங்களுக்காச்சும் முன்கூட்டியே சொல்லி வெச்சிரு.”

சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார். “நாளைக்கும் இருபத்தஞ்சு வருமுங்க” என்றார்.

“வரட்டும்” என்றாள் அவள். காப்பியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

அங்கேயிருந்து வண்டி திரும்ப வேண்டும். சென்னியப்பன் பண்ணாரிப் பக்கம் விடச் சொன்னார்.

தேவராஜ் திட்டினான். அரை மணி நேரம் திட்டிவிட்டு, ஒண்ணாம் தேதியிலிருந்து போடச் சொன்னான். கபூர் பாய் திட்டவில்லை. “நான் என்ன தப்புப் பண்ணினேன்னு ரெண்டு மாசமா யோசிச்சிட்டிருந்தேன் சென்னியப்பா” என்றார். அவரும் ஒண்ணாம் தேதியிலிருந்து என்றார்.

ரங்கநாயகி கடையில் வேறு மாவு இருந்தது. பச்சை பாக்கெட்.

“எப்புடிப் போகுதுங்க?” என்றார் சென்னியப்பன்.

“சுமாருங்க. உங்க மாவு அளவுக்கு வராது. ரிட்டனும் எடுக்க மாட்டாங்க.”

“அப்ப நம்ம மாவையே…”

“வேண்டாமுங்க. அவங்க காரணம் சொல்லாம நிறுத்த மாட்டாங்க.”

சாயங்காலம் போனை வாங்கப் போனார். டீச்சர் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்தார்.

“ஏமாந்துட்டனுங்க டீச்சர்.”

“யார்கிட்ட?”

சென்னியப்பன் யோசித்தார். மயிலாத்தா கொடுத்தது இரண்டு, சொன்னதும் இரண்டு. மாதேஷின் மொத்தம் ஒன்பது வருடமாகச் சரி. ஏஐ தாளில் இருந்ததைத்தான் சொன்னது. சந்தேகத்தையும் கீழே எழுதியிருந்தது.

“தெரியலீங்க” என்றார்.

மேலே போனார்கள். டீச்சர் டிராயரைத் திறந்து போனை எடுத்தார். கொடுக்கவில்லை.

“இன்னிக்கு மாவு இறக்க வண்டி எத்தனை எடத்துல நின்னுச்சு?”

சென்னியப்பன் விரல் மடக்கி எண்ணினார். மயிலாத்தா வரைக்கும் எண்ணினார். “பன்னெண்டுங்க.”

“தாள்ல எத்தனை கடைப் பேரு இருக்கு?”

“பதினாலுல மூணு போக, பதினொண்ணு.”

டீச்சர் காத்திருந்தார்.

சென்னியப்பன் மறுபடி எண்ணினார். பன்னிரண்டுதான் வந்தது.

“அது… பஸ் ஸ்டாண்டுக் கடைங்க. நம்ம சொந்தக் கடை. நம்ம கடைக்கு நாமளே எதுக்குங்க எழுதிக்கிட்டு…”

பாதியில் நின்றது பேச்சு.

டீச்சர் போனை அவர் கையில் கொடுத்தார்.

அடுத்த ஆறு நாளும் அவர் வண்டியில் போனார். பன்னிரண்டு வரி போட்ட தாள் ஒன்று மடியில் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கினார். இறக்கியதை எண்ணினார், ஏற்றியதை எண்ணினார், அங்கேயே எழுதினார். தாளின் மேலே மழையா வெயிலா என்றும் குறித்தார்.

“பஸ்காரன் ஹாரன் அடிக்கறானுங்க!” என்று கத்தினார் மாதேஷ்.

“அடிக்கட்டும்.”

“கெட்ட வார்த்தையில திட்டறானுங்க!”

“திட்டட்டும். அஞ்சு, ஆறு… அட, உன்னாலதான்டா விட்டுப்போச்சு. மறுக்கா எண்ணு.”

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அவர்தான் முதலில் வந்தார். ஆறு தாள். வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்தார். ஏஐயிடம் கொடுத்தார்.

“என்ன கேக்கட்டுங்க டீச்சர்?”

“நீங்களே கேளுங்க.”

போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “இந்தத் தாளெல்லாம் நான் என்ற கையால எழுதினது. ஒவ்வொரு கடையிலயும் நின்னு எழுதினது. இதுல உனக்கு என்ன தெரியுது, என்ன தெரியலை, ரெண்டையும் சொல்லு. வாய்விட்டே சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்.”

போன் பேசியது. எல்லோரும் குனிந்து கேட்டார்கள்.

“மயிலாத்தா ஸ்டோரில் தினமும் சராசரியாக இருபத்தைந்து இறங்குகிறது. திரும்புவது சராசரியாக ஒன்று. பன்னிரண்டு கடைகளில் மிகக் குறைந்த ரிட்டன்களில் இதுவும் ஒன்று. பஸ் ஸ்டாண்டு கடையில் எண்பது இறங்குகிறது. திரும்புவது முப்பது. மற்ற பதினொரு கடைகளிலும் சேர்த்துத் திரும்புவது பதினாறு.”

“அப்ப அந்த பஸ் ஸ்டாண்டுக் கடைய நிறுத்திருங்க அண்ணா” என்றார் தங்கமுத்து. “நீங்கதான் நிறுத்தறதுல கெட்டிக்காரராச்சே!”

அறை சிரித்தது. போன் சிரிப்புக்காக நிற்கவில்லை.

“அந்தக் கடையை நிறுத்த வேண்டுமா என்று இந்தத் தாள்களை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு விவரம் தெரியவில்லை. மற்ற கடைகளில் மழை நாளில் குறைவாகவும், வெயில் நாளில் அதிகமாகவும் இறங்கியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு கடையில் மட்டும் ஆறு நாளும் எண்பது. அங்கே எண்பது இறக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்?”

சிரிப்பு நின்றது.

சென்னியப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் ஏதோ முணுமுணுத்தார்.

“மன்னிக்கவும், கேட்கவில்லை. மீண்டும் சொல்லுங்கள்” என்றது போன்.

“நான்” என்றார் சென்னியப்பன்.